மாட்டு டாக்டர் மட்டும் உள்ள ஊரில் நாய்க்குக் குட்டி எடுப்பது

சங்கரன்கோவில், குருவிகுளம், கழுகுமலைப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் பெட்டை நாய் ஒன்றை வளர்த்தால் போதும், அது வளர்ந்து நிற்கும் முன்பே "எப்போ குட்டி எடுக்கப் போறீங்க, எனக்கு ஒரு கடுவன் வேணும்" என்று யாராவது சொல்லிவைத்துவிடுவார்கள் (கடுவன் என்றால் ஆண் நாய்). கன்னி, சிப்பிப்பாறை போன்ற நாட்டு ஓட்ட நாய் என்றால் இன்னும் சீக்கிரம். கேட்பவர்களுக்குக் குட்டி மட்டும்தான் கணக்கு. ராத்திரி இரண்டு மணிக்குத் தாய் முக்கிக்கொண்டு கிடக்கும்போது பக்கத்தில் இருக்கப்போவது நீங்கள்தான்.

நம் பக்கத்துக் கால்நடை மருந்தகங்களில் மாடும் ஆடும்தான் பெரும்பாலான வேலை. நாய்க்கு ஸ்கேன், எக்ஸ்ரே, சிசேரியன் என்றால் பெரும்பாலும் இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, திருநெல்வேலி, தூத்துக்குடி போன்ற பெரிய ஊர்களுக்கோதான் போக வேண்டும். சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். ஆகவே மருத்துவரைக் கொண்டு செய்ய வேண்டியதையெல்லாம் கடுவனோடு சேர்ப்பதற்கு முன்பே, பகல் நேரத்திலேயே முடித்துவிடுங்கள். பிரசவ இரவுக்கு என்று எவ்வளவு குறைவாக விட்டுவைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

எடுக்கத்தான் வேண்டுமா?

"ஒரு ஈத்தாவது போட்டாத்தான் பெட்டைக்கு உடம்பு நல்லாயிருக்கும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது உண்மையில்லை. குட்டி போடாததால் பெட்டைக்கு எந்த நோயும் வருவதில்லை. கருத்தடை செய்யாத பெட்டைக்குத்தான், குட்டி போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், ஹீட் (கடுவனை ஏற்கும் பருவம்) முடிந்த சில வாரங்களில் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து உண்டு. அதிகமாகத் தண்ணீர் குடிப்பது, தீனி எடுக்காமல் சோர்ந்து கிடப்பது, பின்பக்கம் நாற்றத்தோடு ஒழுகுவது ஆகியவை அதன் அடையாளங்கள். சில நாய்களுக்கு ஒழுக்கே இல்லாமல் சீழ் உள்ளேயே நிற்கும். அது இன்னும் மோசம்.

குட்டிகளை வாங்க ஆள் இருக்கிறார்களா என்று பார்க்கும்போது கடுவன் குட்டியை மட்டும் எண்ணாதீர்கள். பெட்டைக் குட்டிகளைக் கண்மாய்க் கரையிலோ பஸ் ஸ்டாண்டிலோ விட்டுவிட்டு வருவது நம் ஊர்களில் நடக்காத காரியமா? பெட்டைக் குட்டிக்கும் இரண்டு மூன்று வீடு உறுதியாகத் தெரியாமல் சேர்க்கைக்குப் போக வேண்டாம். வீடு இல்லையென்றால் கருத்தடை செய்துவிடுங்கள்.

சட்டமும் உண்டு. 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி, குட்டி எடுத்து விற்பவர்கள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பெட்டைக்குப் பதினெட்டு மாதமாவது ஆகியிருக்க வேண்டும், வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. என்னைக் கேட்டால் ஐந்தே அதிகம். இரண்டு, மிஞ்சினால் மூன்று. அதுவும் வருடத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

ஜோடி

சொந்தத்துக்குள் சேர்க்காதீர்கள். அப்பா-மகள், அண்ணன்-தங்கை மட்டுமல்ல, தாத்தா-பேத்தியும் கூடாது. இதில் சிக்கல் என்னவென்றால், ஒரே வட்டாரத்தில் பேர் எடுத்த ஒரு கடுவனிடமே பத்து ஊர்ப் பெட்டைகளும் போகும். மூன்று நான்கு வருடத்தில் அந்தச் சுற்றுப்பக்கத்து நாய் எல்லாம் ஒன்றுக்கொன்று பங்காளியாகிவிடும். கடுவனின் தாய் தகப்பன் யார், எந்த ஊர் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் தேசிய விலங்கு மரபணு வளப் பணியகத்தில் பதிவான இனங்கள். அப்படிப்பட்ட இனத்தின் வம்ச விவரம் பெரும்பாலும் வாய்வார்த்தையில்தான் இருக்கிறது. ஆளைப் பொறுத்து அது மாறவும் செய்யும். நோட்டு மாறாது.

குணத்தைப் பாருங்கள். வீட்டுக்காரரைக் கடித்த நாய், சத்தம் கேட்டால் நடுங்கி மூலைக்குள் ஒடுங்கும் நாய், எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். ராஜபாளையம் போன்ற வெள்ளை நாய்களில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு. நாய் பார்க்காதபோது பின்னால் நின்று சில்வர் தட்டைத் தட்டிப் பாருங்கள். திரும்பவில்லை என்றால் அதைக் குட்டிக்கு எடுக்கக் கூடாது. "முயல் பிடிக்குமா?" என்பதை வைத்து ஜோடி தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முயல் வேட்டை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஓடுகிற நாய் வேண்டுமென்றால் அதன் கால், நெஞ்சு, நடையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஹீட்டுக்கு முன்பே ஒரு பயணம்

அடுத்த ஹீட் வருவதற்கு ஒரு மாதம் முன்பு பெட்டையை ஒரு முறை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இந்த ஒரு பயணத்தில் நான்கு வேலை முடியும்.

தடுப்பூசிகளை அப்போதே போட்டுவிட வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய்களுக்கான ஊசிகளைச் சினையாக இருக்கும்போது போட முடியாது. தாய்க்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால்தான் சீம்பால் வழியாகக் குட்டிக்குப் போகும். வெறிநாய்க்கடி ஊசியும் தவணை தவறாமல் இருக்க வேண்டும். அடுத்தது உண்ணி. நம் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சல் நாய்க்கு மிகச் சாதாரணம். எர்லிக்கியா, பபீசியா இரண்டும் ரத்தத்தை வெளிற அடித்துவிடும். ஈறு வெளுத்த பெட்டை பிரசவத்தைத் தாங்காது. ரத்தப் பரிசோதனை செய்து, இருந்தால் மருந்து கொடுத்து, அந்த ஹீட்டை விட்டுவிடுவதுதான் முறை. மூன்றாவது, புரூசெல்லா சோதனை செய்ய வசதி இருந்தால் இரண்டு நாய்க்கும் செய்துகொள்ளுங்கள். கருச்சிதைவுக்கும் மலட்டுத்தன்மைக்கும் அது ஒரு காரணம். மனிதருக்கும் தொற்றும்.

நான்காவதை நீங்களே பார்க்கலாம். பெட்டையின் பிறப்புறுப்பையும் கடுவனின் குறியையும் விலக்கிப் பாருங்கள். பூக்கோசுபோல் சிவந்த சதை வளர்ச்சி, விட்டுவிட்டு ரத்தச் சொட்டு இருந்தால் அது சேர்க்கை வழியாகப் பரவும் கட்டி. தெரு நாய்களோடு கூடிய கடுவனிடம் நிறையவே காணலாம். வின்கிரிஸ்டின் என்ற ஊசியை வாராவாரம் போட்டால் பெரும்பாலும் குணமாகும். ஆனால் அதுவரை சேர்க்கவே கூடாது. "ஊரில் பேர் எடுத்த கடுவன்" என்று கூச்சப்பட்டுப் பார்க்காமல் விடாதீர்கள். அதன் சொந்தக்காரர் கோபித்துக்கொண்டால் வேறு கடுவன் கிடைக்கும்.

எந்த ஹீட்டை எடுப்பது

ஹீட் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. ஆனால் எந்த ஹீட்டை எடுப்பது என்பது நம் கையில். சினை ஏறத்தாழ 63 நாள், அதாவது இரண்டு மாதம் கூட்டிப் பாருங்கள். மாசியில் சேர்த்தால் குட்டி சித்திரை வெயிலில் விழும். ஆவணியில் சேர்த்தால் ஐப்பசி அடைமழையில், ஈரத் தரையில், கரண்ட் போகும் இரவுகளில் விழும். கார்த்திகையில் சேர்த்தால் தையில் குட்டி. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. கூரை ஒழுகாத, காற்றோட்டமான அறை இருப்பவர்களுக்கு இவ்வளவு கணக்கு தேவையில்லை. ஓலைக் கொட்டகையும் தகரக் கொட்டகையும் வைத்திருப்பவர்கள்தான் இதைப் பார்த்தே ஆக வேண்டும்.

சேர்க்கை

ரத்தம் தெரிந்த முதல் நாளை எழுதிவையுங்கள். பெரும்பாலான பெட்டைகள் பத்தாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் நடுவில் கடுவனை ஏற்கும். ரத்தம் வெளிறி, பின்பக்கத்தைத் தொட்டால் வாலை ஒரு பக்கம் ஒதுக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு முறை சேர்த்தால் போதும். கோர்த்துக்கொண்டு நிற்பது பத்து நிமிடமும் ஆகும், அரை மணி நேரமும் ஆகும். தண்ணீர் ஊற்றிப் பிரிப்பது, இழுப்பது எல்லாம் இரண்டையும் காயப்படுத்தும். பெட்டை உட்காராமல் பிடித்துக்கொண்டு பொறுமையாக நில்லுங்கள்.

சேர்க்கை முடிந்துவிட்டது என்று பெட்டையை அவிழ்த்து விட்டுவிடாதீர்கள். ஹீட் முழுதாக முடியும் வரை, சுமார் மூன்று வாரம், கதவுள்ள அறையில் வைத்திருங்கள். ஒரே ஈத்தில் இரண்டு கடுவன்களின் குட்டிகள் பிறக்கும். பக்கத்துத் தெரு நாய் சுவர் ஏறிக் குதித்தால், கன்னிக் குட்டியோடு அதன் குட்டியும் வரும்.

சினைக் காலம்

முதல் ஐந்து வாரம் வழக்கமான தீனியே போதும். ஆறாவது வாரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒரே நேரமாகப் போடாமல் மூன்று நான்கு தடவையாகப் பிரித்துக் கொடுங்கள். சோறு மட்டும் போதாது. முட்டை, கோழி இறைச்சி, உப்பில்லாத மீன் சேருங்கள். கருவாட்டில் உப்பு அதிகம், வெந்த எலும்பு குடலைக் குத்தும், வெங்காயம் போட்ட குழம்பு ரத்த அணுக்களைக் கெடுக்கும். மூன்றும் வேண்டாம்.

"சினை நாய்க்கு கால்சியம் டானிக் கொடு" என்பது மெடிக்கல் ஷாப் வரை எல்லோரும் சொல்லும் யோசனை. சினையில் கால்சியம் ஏற்றிக் கொடுத்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொள்ளும் வேலையை உடம்பு மறந்துவிடுகிறது. பால் சுரக்கும் நேரத்தில் ரத்தத்தில் கால்சியம் விழுந்து இழுப்பு வரும். மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். பூச்சி மருந்தும் உண்ணி மருந்தும் அப்படித்தான். மாட்டுக்கு அடிக்கும் பியூட்டாக்ஸை அளவு தெரியாமல் சினை நாய்க்குப் பூசுவது, ஐவர்மெக்டின் ஊசியை ஒருவர் கையிலிருந்து வாங்கிப் போடுவது இரண்டையும் அடியோடு நிறுத்துங்கள்.

இரண்டாவது பயணத்தை, சேர்த்த நாளிலிருந்து 55-ஆம் நாளை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் எக்ஸ்ரே எடுத்தால் குட்டியின் எலும்பு தெளிவாகத் தெரியும், எத்தனை என்று எண்ணலாம். இந்த எண்ணிக்கைதான் பிரசவ இரவில் உங்களுக்குப் பெரிய துணை. ஆறு என்று தெரிந்தால், ஐந்தோடு தாய் படுத்துத் தூங்கும்போது இன்னும் ஒன்று உள்ளே இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒரே குட்டி என்று தெரிந்தால் இன்னும் கவனம் வேண்டும். தனிக் குட்டி பெரிதாக வளர்ந்து மாட்டிக்கொள்ளும். அப்போது பிரசவ நாளை ஒட்டி டவுனில் யார் வீட்டிலாவது தங்குவதே புத்திசாலித்தனம். கன்னி, சிப்பிப்பாறை வைத்திருப்பவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். உடம்பில் கொழுப்பே இல்லாத இந்த ஓட்ட நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் எளிதில் இறங்காது. சிசேரியன் என்று வந்தால் அவர் மருந்தை மாற்றித் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

எடுத்து வைக்க வேண்டியவை

தாய் காலை நீட்டிப் படுக்கும் அளவுக்கு மரப்பெட்டி. உள்சுவரைச் சுற்றித் தரையிலிருந்து நான்கு அங்குல உயரத்தில் ஒரு கம்பு ஓடட்டும். தாய் சாய்ந்தாலும் குட்டி நசுங்காது. பழைய பருத்திச் சேலைகள், டவல், டார்ச் லைட், கொதிக்க வைத்த கத்தரிக்கோல், நூல், பெட்டாடின், சமையலறைத் தராசு, குளுக்கோஸ், ஊசியில்லாத சிரிஞ்சு, நாய்க்குட்டிக்கான பால்பவுடர், தெர்மாமீட்டர். கரண்ட் போனால் சூடு கொடுக்க நான்கைந்து பிளாஸ்டிக் பாட்டில், வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி வைக்க.

இதைவிட முக்கியமானது வண்டி. ராத்திரி போன் எடுக்கும் ஆட்டோக்காரரோ குட்டியானைக்காரரோ ஒருவரிடம் இப்போதே பேசி வைத்துவிடுங்கள். மருத்துவர் எண்ணும் கையில் இருக்கட்டும். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண் உண்டு. உங்கள் பக்கம் நாய்க்கு வருவார்களா, எந்த நேரம் வருவார்கள் என்று முன்பே கேட்டு வையுங்கள். ராத்திரிக்கு அதையே நம்பியிருக்க வேண்டாம்.

அந்த இரவு

58-ஆம் நாளிலிருந்து காலையும் மாலையும் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். வழக்கமாக 101-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும். 99-க்குக் கீழே இறங்கினால் ஒரு நாளுக்குள் குட்டி. அப்புறம் தரையைப் பிறாண்டும், மூச்சிரைக்கும், சாப்பிடாது. இந்தக் கட்டம் பன்னிரண்டு மணி நேரம்கூட நீளும். கூட்டம் கூட வேண்டாம். பழகிய ஒருவர் மட்டும் பக்கத்தில் இருந்தால் போதும்.

குட்டி வெளியே வந்ததும் தாயே பையைக் கிழித்து நக்கிவிடும். ஒரு நிமிடத்துக்குள் செய்யவில்லை என்றால் நீங்கள் கிழித்து, மூக்கையும் வாயையும் துடைத்து, டவலில் வைத்து நன்றாகத் தேயுங்கள். குட்டியைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றும் வழக்கம் வேண்டாம், மூளையில் ரத்தம் கசியும். தொப்புள் கொடியை வயிற்றிலிருந்து ஓர் அங்குலம் விட்டு நூலால் கட்டி, வெட்டி, பெட்டாடின் வையுங்கள். ஈ மொய்க்காமல் பாருங்கள். நம் ஊர் ஈ தொப்புளில் முட்டையிட்டால் புழு வைத்துவிடும். ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு நஞ்சுக்கொடி வந்ததா என்று எண்ணுங்கள்.

வண்டியைக் கூப்பிட வேண்டிய நேரம் இவை. பலமாக முக்கி அரை மணி நேரமாகியும் குட்டி வரவில்லை. ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு மணி நேரம் தாண்டி, உள்ளே இன்னும் இருப்பது தெரிகிறது. முதல் குட்டி வரும் முன்பே கரும்பச்சை நீர் வருகிறது. குட்டியின் பாதி வெளியே நின்றுவிட்டது. வெப்பம் இறங்கி ஒரு நாள் முழுதும் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. விடியட்டும் என்று இருக்காதீர்கள். அந்த நேரம் யாராவது மாட்டுக்குப் போடும் ஆக்ஸிடோசினை எடுத்துக்கொண்டு வந்து "ஒரு ஊசி போட்டா எல்லாம் வெளியே வந்துரும்" என்பார். குட்டி குறுக்கே மாட்டியிருக்கும்போது அந்த ஊசி போட்டால் கர்ப்பப்பை கிழிந்து தாயும் போய்விடும். உறவுக்காரராக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

முதல் மூன்று வாரம்

குட்டிகளுக்குத் தன் உடம்புச் சூட்டைக் காக்கத் தெரியாது. முதல் வாரம் படுக்கை 85-லிருந்து 90 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கத்தினால் குளிர். சிதறிக் கிடந்து மூச்சிரைத்தால் சூடு அதிகம். நம் கோடையில் இரண்டாவதுதான் கொல்லும், ஆகவே பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் சூடு கொடுத்து, மறுபக்கத்தைக் குளிர விடுங்கள். குட்டியே நகர்ந்துகொள்ளும். உடம்பு சில்லிட்ட குட்டிக்குப் பால் ஊட்டாதீர்கள், செரிக்காது. முதலில் உங்கள் மடியில் வைத்துச் சூடேற்றி, ஈறில் இரண்டு சொட்டு குளுக்கோஸ் தடவி, அப்புறம்தான் பால். முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் எல்லாக் குட்டிக்கும் சீம்பால் கிடைக்க வேண்டும். நோஞ்சானைப் பிடித்துக் காம்பில் வைத்துவிடுங்கள்.

தினமும் ஒரே நேரத்தில் தராசில் வைத்து எடையை எழுதுங்கள். பத்து நாளுக்குள் பிறந்த எடை இரட்டிப்பாக வேண்டும். ஒரு நாள் கூடாமல் நின்றால் கவனம், குறைந்தால் உடனே கூடுதல் பால். தாயிடம் பால் இல்லையென்றால் பால்பவுடர். தண்ணீர் கலந்த பசும்பாலில் நாய்ப்பாலின் பாதி சத்துகூட இல்லை.

தாயையும் மறக்க வேண்டாம். குட்டி போட்ட இரண்டு மூன்று வாரத்தில் தாய் நடுங்கி, விறைத்து, மூச்சிரைத்து, உடம்பு கொதித்தால் அதுதான் முன்பு சொன்ன கால்சியம் குறைவு. குட்டிகளை உடனே பிரித்துவிட்டு வண்டி ஏறுங்கள். நரம்பில் கால்சியம் போட வேண்டும். அதை மாட்டு மருத்துவரும் போட முடியும் என்பதால் முதலில் பக்கத்து மருந்தகத்துக்கே ஓடலாம். காம்பு கல்லாகிச் சூடேறினாலும், நாற்றமுள்ள ஒழுக்கு இருந்தாலும் மறுநாள் வரை பொறுக்க வேண்டாம். மனிதருக்கான வலி மாத்திரை, குறிப்பாக ஐபுபுரூஃபன், நாய்க்கு விஷம்.

பூச்சி மருந்து, ஊசி

குடற்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குப் போய்விடும். அதனால் இரண்டாவது, நான்காவது, ஆறாவது, எட்டாவது வாரம் எடை பார்த்து மருந்து கொடுக்க வேண்டும், தாய்க்கும் சேர்த்து. குழந்தைகள் உள்ள வீட்டில் இதைத் தவறவே விடாதீர்கள். அந்தப் புழு அவர்களுக்கும் ஏறும். பார்வோ, டிஸ்டெம்பர் ஊசி ஆறிலிருந்து எட்டாவது வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போகும். வெறிநாய்க்கடி ஊசி மூன்றாம் மாதம். ஊசி மருந்து எப்போதும் 2-லிருந்து 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சட்டைப் பையில் போட்டு பஸ்ஸில் வந்த மருந்து வெறும் தண்ணீர். பிளாஸ்கில் ஐஸ் வைத்துக் கொண்டுவருவதைவிட, ஊரில் குட்டி வைத்திருக்கும் நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து மருத்துவரை ஒரு நாள் வரவழைப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. பார்வோ வந்து குட்டி செத்த இடத்தில் கிருமி மாதக்கணக்கில் மண்ணில் இருக்கும். பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினாலும் மண்தரையை நம்ப முடியாது. அந்த இடத்தில் ஒரு வருடமாவது புதுக் குட்டி வேண்டாம்.

குட்டி போகும் வீடு

மூன்றாவது வாரத்திலிருந்து குட்டிகளை ஆள் கையில் எடுத்துப் பழக்குங்கள். குழந்தைச் சத்தம், மிக்ஸி, டிவிஎஸ் வண்டி எல்லாம் கேட்கட்டும். காதையோ வாலையோ வெட்டித் தரச் சொல்பவருக்கு குட்டியே தராதீர்கள். விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம்.

எட்டு வாரம் முடிந்து குட்டியை அனுப்பும்போது ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: பிறந்த தேதி, தாய் தகப்பன் ஊர், எந்தப் பூச்சி மருந்து எந்த நாள், போட்ட ஊசி, அடுத்த ஊசித் தேதி, இப்போது சாப்பிடும் தீனி, உங்கள் போன் எண். அடுத்த ஊசித் தேதியன்று நீங்களே போன் செய்து கேளுங்கள். வளர்க்க முடியாமல் போனால் தெருவில் விடாமல் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். அப்படி ஒரு குட்டி திரும்பி வந்தால் வைத்துக்கொள்ளக் கொட்டகையில் இடமும் ஒரு தட்டுச் சோறும் உங்களிடம் இருக்க வேண்டும்.